கிளாஸ் டி வாங்கலாமா, பழைய டிரான்ஸ்பார்மர் ஆம்பையே ஓட்டலாமா?

காங்கேயம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, அப்பா நடத்திய மைக்செட் தொழிலை இப்போது நான் பார்க்கிறேன். இரும்பு டிரான்ஸ்பார்மர் போட்ட ஏபி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இரண்டு இருக்கிறது. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு பேர் வேண்டும். எல்லோரும் கிளாஸ் டி வாங்கு என்கிறார்கள். வாங்கினவர்களில் சிலர் பேஸ் இறங்கவில்லை, சத்தம் மெல்லிசாக இருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது? வள்ளி கும்மிக்கும் கல்யாணத்துக்கும் எது சரிவரும்? வீட்டில் பாட்டுக் கேட்க எது?"

முதலில் நேராகப் பதில். கும்மிக்கும் கல்யாணத்துக்கும் கிளாஸ் டி வாங்குங்கள். மரத்திலும் கம்பத்திலும் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களுக்கு அப்பாவின் ஆம்பையே ஓட்டுங்கள். பேஸ் இறங்கவில்லை என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் குற்றத்தைத் தவறான இடத்தில் வைக்கிறார்கள். ஏ, பி, ஏபி, டி என்கிற எழுத்து ஒரு ஆம்பின் குரலைச் சொல்லும் எழுத்து அல்ல. கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர் கரண்டை எப்படிக் கையாளுகிறது, எவ்வளவை வெப்பமாக விரயம் செய்கிறது என்பதைச் சொல்லும் எழுத்து. குரலை முடிவு செய்பவை பவர் சப்ளையும் பில்டரும் ஃபீட்பேக்கும் (மைக் ஊளையிடுவதை அல்ல, வெளியே போகும் ஒலியைத் திரும்ப எடுத்து, உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுத் திருத்துவதைச் சொல்கிறேன்). கோபியில் இருபது வருடத்துக்கு மேலாக ஆம்ப் சர்வீஸ் பார்க்கிறேன். இந்த ஒரு குழப்பத்தால் நல்ல ஆம்பை விற்றுவிட்டு மோசமானதை வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிளாஸ் ஏ என்பது, போர் மோட்டாரை முழு வேகத்தில் ஓட விட்டு, தோட்டத்துக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் ஒரு வால்வில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்பக் கிணற்றுக்கே விடுவது மாதிரி. தண்ணீர் சீராக வரும், ஒரு தடுமாற்றம் இருக்காது. ஆனால் பாசனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோட்டார் இழுக்கும் கரண்ட் ஒன்றுதான். சாதாரண அமைப்பில் இதன் செயல்திறன் கணக்குப்படியே 25 சதவீதத்தைத் தாண்டாது. இரண்டு டிரான்சிஸ்டரை எதிரெதிரே வைக்கும் புஷ்-புல்லாகவோ டிரான்ஸ்பார்மர் வழியாகவோ அமைத்தால் 50 வரை போகலாம். அதுவும் முழுச் சத்தத்தில். பாட்டே ஓடாமல் சும்மா இருக்கும்போதுதான் கிளாஸ் ஏ அதிகம் சுடும்.

கிளாஸ் பி-க்கு, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் நம் ஊர் இரட்டைக் கவலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கிணற்றில் இரண்டு சோடி மாடு. ஒரு சோடி சரிவில் இறங்கி, சால் என்கிற தண்ணீர் வாளியை மேலே இழுக்கும்போது மற்ற சோடி பின்வாங்கி ஏறும். உழைப்பு பாதிப் பாதி. ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் இழுக்கின்றன. இதில் ஒரு சிக்கல். ஒரு சோடி விட்டு அடுத்த சோடி பிடிக்கிற இடத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஒரு கணம் அறுந்துவிடும். ஆம்பில் இதைத்தான் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்கிறோம். பெரிய சத்தத்தில் அது தெரியாது, மெல்லிய குரலில் தெரியும். கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் குரலைத் தாழ்த்தும்போது ஒரு கரகரப்புக் கேட்கிறதே, மைக்கைப் பழி சொல்வோமே, பாதி நேரம் காரணம் இதுதான்.

கிளாஸ் ஏபி அந்த அறுப்பைச் சரிசெய்த முறை. முதல் சோடி இழுத்து முடிப்பதற்குள் இரண்டாவது சோடி லேசாக இழுக்கத் தொடங்கிவிடும். அந்த லேசான இழுப்புக்குத்தான் பயாஸ் என்று பெயர். உங்கள் அப்பாவின் ஆம்பைத் திறந்தால் அலுமினியச் சிறகுகளின் மேல் சி5200, ஏ1943 என்று சோடி சோடியாகக் கறுப்பு டிரான்சிஸ்டர்கள் நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 0.22 ஓம் வெள்ளைச் செங்கல் ரெசிஸ்டர். நடுவில் ஒரு சின்ன பிரீசெட், அதாவது திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர். அந்தப் பிரீசெட்டைத் திருகித்தான் பயாஸ் வைப்பது.

இப்போது வெப்பக் கணக்கு. இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஏபி ஆம்ப் 78 சதவீதம் தருமே, டி 90 தருகிறது, இதில் என்ன பெரிய வித்தியாசம்?" என்பார்கள். அந்த 78.5 என்பது முழு வாட்ஸில், அதுவும் ஒரே சீரான சைன் அலையில் கிடைப்பது. பாட்டு அப்படி ஓடாது. மேளம் விழும் கணத்தில் மட்டும்தான் முழுச் சக்தி வேண்டும். மற்ற நேரமெல்லாம் சராசரி அதில் எட்டில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அந்த அளவில் பி வகையின் செயல்திறன் ஏறக்குறைய 28 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 1000 வாட்ஸ் ஆம்ப் சராசரி 125 வாட்ஸ் ஸ்பீக்கருக்குத் தருகிறது என்றால், லைனிலிருந்து 450 வாட்ஸ் இழுத்து 325 வாட்ஸைச் சூடாக வெளியே தள்ளுகிறது. பயாஸ் சூடு தனி. அதே 125 வாட்ஸை ஒரு நல்ல கிளாஸ் டி 150 சொச்சம் வாட்ஸ் இழுத்துத் தந்துவிடும். சூடு முப்பது வாட்ஸுக்குள்.

சித்திரையில் ஈரோட்டு வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் காய்ந்த தகரப் பந்தலுக்குள், மேடைக்கு அடியில் ஆம்பை வைத்து நாலு மணி நேரம் கும்மி ஓட்டும்போது அந்த 325 வாட்ஸ் எங்கே போகும்? ஃபேன்தான் தள்ள வேண்டும். பல்லடம், சோமனூர் பக்கத்திலிருந்து சர்வீஸுக்கு வரும் ஆம்புகளைத் திறந்தால், ஹீட் சிங்க் சிறகுகளுக்கு நடுவில் தறிப் பஞ்சு மெத்தை மாதிரி அப்பியிருக்கும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. டிரான்சிஸ்டர் செத்தது ஓவர்லோடால் என்று கொண்டுவருவார்கள். செத்தது பஞ்சால்.

நடுவில் ஜி, எச் என்று இரண்டு வகை உண்டு. சின்னச் சத்தத்துக்குக் குறைந்த வோல்ட்டேஜ், மேளம் விழும்போது மட்டும் அதிக வோல்ட்டேஜ் என்று சப்ளையை ஏற்றி இறக்கும் ஏபி ஆம்புகள் இவை. ஹிட்டாச்சி 1977-இல் ஜி வகையைக் கடைக்குக் கொண்டுவந்தது. டிஜே செட்டுகளில் ஓடும் பெரிய டிரான்ஸ்பார்மர் ஆம்புகள் பல எச் வகைதான். சூடு ஓரளவு குறையும், கனம் குறையாது. உங்களுக்கு இது வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சரி, கிளாஸ் டி. முதலில் ஒன்று: டி என்றால் டிஜிட்டல் அல்ல. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.

டிரான்சிஸ்டரில் சூடு எப்படி வருகிறது என்று பாருங்கள். அதன் குறுக்கே நிற்கும் வோல்ட்டேஜையும் அதன் வழியே ஓடும் கரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சூடு. முழுக்கத் திறந்திருந்தால் கரண்ட் ஓடும், குறுக்கே வோல்ட்டேஜ் இருக்காது. முழுக்க மூடியிருந்தால் வோல்ட்டேஜ் நிற்கும், கரண்ட் ஓடாது. இரண்டிலும் பெருக்கல் கிட்டத்தட்டப் பூஜ்யம். அரைகுறையாகத் திறந்து நிற்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து சுடுகிறது. ஏ-யும் ஏபி-யும் எப்போதும் அரைகுறையாகத் திறந்து நிற்பவை. டி அப்படி நிற்பதே இல்லை. கேட் வால்வை முழுக்கத் திற, முழுக்க மூடு, இந்த இரண்டே வேலை. நொடிக்கு நான்கு லட்சம் தடவை. திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஒலியின் வடிவத்தைக் கொண்டுவருகிறது. வெட்டி வெட்டி வரும் தண்ணீரை ஒரு தொட்டியில் விட்டு, தொட்டியின் அடியிலிருந்து எடுத்தால் சீராக வரும் அல்லவா? அந்தத் தொட்டிதான் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் காயிலும் கெபாசிட்டரும். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்பின்னிங் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் செய்வதும் இதே வேலைதான். அது சில ஆயிரம் தடவை வெட்டும், இது சில லட்சம் தடவை.

அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப்பில் இதைப் பார்ப்பது எனக்கு இன்னமும் அலுக்காத காட்சி. காயிலுக்கு முன்னால் புரோபை வைத்தால் வெறும் சதுரக் கட்டங்கள். பாட்டைப் போட்டதும் கட்டங்களின் உயரம் மாறாது, அகலம் மட்டும் மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்கும். புரோபைக் காயிலுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினால் நாதஸ்வரத்தின் அலை வழவழவென்று வந்து நிற்கும். விரல் நகம் அளவு மாஸ்ஃபெட் (வேகமாகத் திறந்து மூடும் ஒரு வகை டிரான்சிஸ்டர்) இரண்டுதான் அத்தனை வேலையையும் செய்கிறது. தொட்டால் வெதுவெதுப்புதான்.

யோசனை பழையது. 1964-லேயே இங்கிலாந்தில் சின்கிளேர் எக்ஸ்-10 என்று ஒரு கிளாஸ் டி கிட் விற்றார்கள். அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு வேகம் போதவில்லை, எடுபடவில்லை. நல்ல மாஸ்ஃபெட்டுகள் வந்த பிறகுதான் வழி பிறந்தது. அதற்கப்புறம் முன்னேற்றம் வந்தது ஃபீட்பேக்கில். பழைய போர்டுகள் காயிலுக்கு முன்னாலேயே ஒலியைச் சரிபார்த்துக்கொள்ளும். காயிலும் கெபாசிட்டரும் செய்கிற கோளாறு திருத்தப்படாமல் ஸ்பீக்கருக்குப் போகும். 4 ஓம்ஸுக்குக் கணக்குப் போட்ட பில்டரில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால் மேல் சுருதி கொஞ்சம் தூக்கலாகும். "கிளாஸ் டி-யில் ட்ரெபிள் கூர்மையாக இருக்கிறது" என்கிற பேச்சு அந்தக் காலத்தில் உண்மைதான். ப்ரூனோ புட்சைஸ் என்கிற பொறியாளர் பிலிப்ஸிலும் பிறகு ஹைபெக்ஸ் நிறுவனத்திலும் இருந்துகொண்டு, பில்டருக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் எடுக்கும் முறையைத் தேற்றிக் கொண்டுவந்தார். 2011-இல் வந்த என்கோர், 2019-இல் வந்த ப்யூரிஃபை என்கிற கிளாஸ் டி மாட்யூல்கள் இரண்டும் அவர் கை பட்டவை. அளவுக் கருவியில் இவற்றோடு மோதி ஜெயிக்கிற ஏபி ஆம்ப் மிகக் குறைவு. ஆகவே கிளாஸ் டி என்றாலே சத்தம் சுமார்தான் என்று இன்று சொல்வது நியாயமில்லை.

அப்புறம் ஏன் பேஸ் இறங்கவில்லை? முதல் காரணம் சப்ளை. அப்பாவின் ஆம்பில் கனமான இரும்பும், டம்ளர் டம்ளராக 10,000 மைக்ரோபாரட் கெபாசிட்டர்களும் இருக்கின்றன. மேளம் விழும் கணத்தில் அது தன் பெயருக்கு மேலேயே கொடுத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளும். விலை குறைந்த கிளாஸ் டி-யில், கனமான இரும்புக்குப் பதிலாகக் கரண்டை வேகமாக வெட்டித் தரும் ஸ்விட்சிங் சப்ளை இருக்கும்; அது தன் எல்லையைத் தொட்டதும் கறாராக நிறுத்திவிடும். அடி விழும் இடத்தில் அடி வராது.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும் ஓட்டும்படி ஒற்றைப் பக்கமாக அமைத்த கிளாஸ் டி-யில், காயிலில் சேர்ந்த சக்தியில் ஒரு பங்கு எதிர்ப்பக்கச் சப்ளைக்கே திரும்பி ஏறும். பேஸ் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் ஏறும். ப்ளஸ், மைனஸ் 60 வோல்ட்டில் இருக்க வேண்டிய சப்ளை மேலே மேலே போய், கடைசியில் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கணம் அணைந்து எரியும். கேட்பவர் காதுக்கு அது "பேஸ் நிற்கவில்லை." இரண்டு சேனலுக்கும் ஒரே சப்ளை என்றால் எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சேனலின் உள்ளே வரும் சிக்னலைத் தலைகீழாக்கி, அதே சேனலின் ஸ்பீக்கர் வயரையும் மாற்றிப் போட வேண்டும். ஒரு சேனல் ஏற்றுவதை மற்றது இறக்கிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் இதை உள்ளேயே செய்து அனுப்புகிறார்கள்.

மூன்றாவது, வாட்ஸ் என்று அட்டையில் அச்சடித்த எண். டிபிஏ3116 சிப் போட்ட சின்ன போர்டுகள் 100+100 என்று எழுதி வருகின்றன. ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஓட்டும் பிரிட்ஜ் முறை ஆம்புக்கு ஒரு கணக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சப்ளை வோல்ட்டேஜை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கர் ஓம்ஸின் இரண்டு மடங்கால் வகுத்தால், பிளிறாமல் கிடைக்கும் உச்ச வாட்ஸ். 12 வோல்ட் அடாப்டரும் 8 ஓம்ஸ் ஸ்பீக்கரும் என்றால் 144-ஐ 16-ஆல் வகுக்க, 9 வாட்ஸ். அதே போர்டுக்கு 24 வோல்ட்டும் 4 ஓம்ஸும் கொடுத்தால் 72. அதிலும் உள்விரயம் போகத்தான் கைக்கு வரும். 9 வாட்ஸ் போர்டை 40 வாட்ஸ் ஏபி-க்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு "கிளாஸ் டி மெல்லிசு" என்றால் என்ன செய்வது?

பிரிட்ஜ் என்றதும் ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். அதில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை எர்த் அல்ல. சிவப்பைப் போலவே அதுவும் உயிரோடு இருக்கும். பழைய பழக்கத்தில் நான்கு ஸ்பீக்கரின் கறுப்பையும் சேர்த்து ஒரே வயரில் ஓட்டினால் போர்டு போய்விடும். பத்து வருடத்துக்கு முன் என் மேசையிலேயே நடந்தது. சரிபார்க்க வந்த புது போர்டில், ஸ்கோப்பின் எர்த் கிளிப்பைக் கறுப்பு முனையில் மாட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். ஒரு "டிக்" சத்தம், சிப்பின் நடுவில் கடுகளவு ஓட்டை. வாடிக்கையாளருக்கு வேறு போர்டு வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இரண்டு புரோப் வைத்து வித்தியாசத்தை மட்டுமே அளக்கிறேன். உங்கள் பையன்களிடமும் சொல்லி வையுங்கள்: ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி இரட்டை வயர், சேசிஸில் எதுவும் தொடக்கூடாது.

வெட்டுகிற வேகத்தால் வரும் இன்னொரு தொல்லை ரேடியோ இரைச்சல். கோவை வானொலி 999 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. 500-க்குப் பக்கத்தில் வெட்டும் ஒரு மலிவான ஆம்பின் இரண்டாவது மடங்கு 1000-இல் விழும். பக்கத்தில் ரேடியோ வைத்துப் பாருங்கள், செய்திக்கு மேல் ஒரு விசில் ஊதும். கார்ட்லெஸ் மைக் ரிசீவரையும் ஆம்பின் மேலேயே அடுக்காதீர்கள், நாலடி தள்ளி வையுங்கள்.

லைன் வோல்ட்டேஜுக்கு வருகிறேன். கோயில் நோம்பிக்குக் கடைசிக் கம்பத்திலிருந்து வயர் இழுத்தால் 180 வோல்ட்தான் வரும். இரும்பு டிரான்ஸ்பார்மர் ஆம்பில் உள் வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் இறங்கும். சக்தி அதன் வர்க்கத்தில் இறங்குவதால் 1000 வாட்ஸ் 600 சொச்சமாகிவிடும். தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் ஸ்விட்சிங் சப்ளை போட்ட கிளாஸ் டி, அதே 180-இலும் முழுசாக நிற்கும். வாங்கும்போது எத்தனை வோல்ட் முதல் எத்தனை வரை என்று பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். சீர்செய்யாத ஸ்விட்சிங் சப்ளையும் விற்கிறார்கள், அதில் இந்த லாபம் இல்லை. மறுபக்கம், நியூட்ரல் கழன்று 400 வோல்ட் ஏறினால் ஸ்விட்சிங் சப்ளை கண் இமைக்கும் நேரத்தில் வெடிக்கும். டிரான்ஸ்பார்மர் ஆம்பு ப்யூஸ் போகும் வரை ஒருவேளை தாங்கும். மீட்டரில் அளக்காமல் பந்தலில் எதையும் மாட்டாதீர்கள். வோல்ட்டேஜ் கூடினால் தானாகத் துண்டிக்கும் ஒரு பெட்டியை ஆம்புக்கு முன்னால் போடுவது கட்டாயம்.

ரிப்பேர் விஷயத்தில் ஏபி-தான் ஜெயிக்கும், இதை மறைக்க மாட்டேன். ராத்திரி ஒரு மணிக்குச் சேனல் போனாலும், ஒரு சோடி 5200-1943 மாற்றி விடிவதற்குள் ஓட்டிவிடலாம். கிளாஸ் டி-யில் எறும்புத் தலை அளவு உதிரிகள். தோட்டத்தில் வைத்துச் சரிசெய்யும் வேலை அல்ல, மாட்யூலையே மாற்ற வேண்டும். அதனால் உதிரி மாட்யூல் கிடைக்கிற மாடலை மட்டும் வாங்குங்கள். ஒரு உதிரியைச் சேர்த்தே வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள். குழாய்களுக்கு அப்பாவின் ஆம்ப் என்று நான் சொன்னதற்கும் காரணம் இதுதான். தூரத்துக்காக வோல்ட்டேஜை ஏற்றி அனுப்பும் 100 வோல்ட் லைனில் அரை மைல் வயர், மழை, எங்கோ ஒரு ஷார்ட். இத்தனையையும் தாங்கி, தாங்காவிட்டால் உடனே சரிசெய்துகொள்ளும்படி இருப்பது அந்தப் பழைய பெட்டிதான்.

வீட்டுக்கு என்றால் காசும் ஆசையும் எப்படியோ அப்படி. தினம் மூன்று மணி நேரம் கேட்க, 150 வாட்ஸ் இழுக்கும் ஒரு சின்ன கிளாஸ் ஏ, இரண்டு மாதத்தில் 27 யூனிட் தின்னும். அந்த நிம்மதியான குரல் பிடித்தவர்கள் அதைத் தரலாம், நான் குறை சொல்ல மாட்டேன். வெறும் பாட்டுத்தான் வேண்டும் என்றால் 24 வோல்ட் நல்ல சப்ளையோடு ஒரு சின்ன கிளாஸ் டி போதும்.

கடையில் கிளாஸ் டி எடுக்கப் போகும்போது உங்கள் சொந்த சப்-ஊஃபரையும் போனில் ஒரு 40 ஹெர்ட்ஸ் டோனையும் கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் தாங்குகிற அளவில் பாதிச் சத்தத்துக்கு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா, சத்தம் அலைகிறதா பாருங்கள். அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து மூடியைத் திறக்கச் சொல்லி, அந்தக் காயிலை விரலால் தொடுங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் காயில் சிறியது, அதை விட்டுவிடுங்கள்.

அப்பாவின் ஆம்புகளை விற்க வேண்டாம். பஞ்சை ப்ளோயரால் ஊதிவிட்டு, பெரிய கெபாசிட்டர் உப்பியிருந்தால் மாற்றி, ஆம்ப் அரை மணி நேரம் சூடேறிய பிறகு, ஸ்பீக்கரும் சிக்னலும் இல்லாமல், அந்த 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். 10 முதல் 15 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். ஒன்று இரண்டுதான் காட்டுகிறது என்றால் பிரீசெட்டை மெதுவாக, இம்மியளவு திருப்புங்கள். பல வருடம் தொடாத பிரீசெட் சட்டென்று தாவும், டிரான்சிஸ்டரே போய்விடும். அதனால் முதலில் புதுப் பிரீசெட் மாற்றிவிட்டு வைப்பது நல்லது.